பொருள் எண் நாற்பத்தொன்று

உப்பு எடைபோட்ட ஆபீஸ் இது.
தராசு போய்விட்டது, உத்தரத்தில் கொக்கி மட்டும் மிச்சம்.
குப்பத்துப் பொருள்கள் இங்கே குடிவந்த பிறகு
பதிவேடு எழுதுவது என் வேலை:
எண், பெயர், கொடுத்தவர்,
கையெழுத்து, இல்லாவிட்டால் ரேகை.

எண் மூன்று, ரப்பர் செருப்பில் வெட்டிய மிதவை.
எண் பத்தொன்பது, தண்ணீர் லாரிக்கு வரிசையில் நின்ற குடம்,
கழுத்தில் நெயில் பாலீஷால் 'ப. தேசம்மா'.
எண் இருபத்தாறு, கேரம் போர்டு. ஒரு மூலைக்கு வலை இல்லை.
எண் அறுபத்துமூன்று ஒரு மருந்துப் பாட்டில்,
உள்ளே என் ஜன்னலில் ஒரு மாதம் விழுந்த சாம்பல்.
'கொடுத்தவர்' கட்டத்தில்
அனல்மின் நிலையம் என்று எழுதினேன்.
"கையெழுத்து வாங்கினியா?" என்றார் நாட்டார்.
அவர் சிரிக்கவில்லை.

வருடத்தில் ஒரு ஞாயிறு
கதவு இரண்டையும் கழற்றிச் சுவரில் சாய்த்துவிடுவோம்.
அன்று ஊர்ப்பொருள் நாள்.
எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் வழிவிட்டால்
காசிமேட்டிலிருந்துகூட வருவார்கள்.
போன வருடம் நூற்றிருபது பேர்.
இந்த வருடம் முந்நூறு பேருக்கு உலை வைத்தார் வேம்புலி.

பதினோரு மணிக்கு
வாடகைத் தேக்சா ஒழுகியது.
அடியில் மயிரிழை விரிசல். அடுப்பு உஸ்ஸென்று அடங்க,
அரிசி ஊறிக் கிடக்கிறது,
மடவைக் குழம்பு பக்கத்து அடுப்பில் தளதளக்கிறது,
பந்தல்காரர் போனை எடுக்கவில்லை.
லுங்கியில் கையைத் துடைத்தபடி உள்ளே வந்த வேம்புலி
நேராக நாற்பத்தொன்றின் முன்னால் நின்றார்.

அலுமினியத் தேக்சா. வாய் மூன்றடி.
இடது காது பெயர்ந்து கம்பியால் கட்டியது.
அட்டையில் என் எழுத்து:
'புயல் வருடம் பதினேழு நாள்
ஊர் முழுவதற்கும் இதில் சோறு ஆக்கப்பட்டது.'
'ஆக்கப்பட்டது' என்ற சொல்லுக்காக
ஓர் இரவு முழுக்க விழித்திருக்கிறேன்.

"இன்னா பாக்குற பொற்கொடி, ஒரு கை புடி."
தொடாதீர்கள் என்ற போர்டைக் காட்டினேன்.
அதை எழுதியதும் நான்தான்.
வேம்புலி உதடு அசைய முழுசாகப் படித்தார்.
பிறகு,
"இதுல ஓட்ட கீதான்னு மட்டும் பாரு."

'வெளியே சென்ற பொருள்கள்' என்றொரு பக்கம்
மூன்று வருடமாக வெள்ளையாகக் கிடந்தது.
தேதி எழுதினேன். நேரம் எழுதினேன்.
'காரணம்' கட்டத்தில் பேனா நின்றுவிட்டது.
"சோறுன்னு எழுதேன், இதுக்குப் போயி" என்றாள் தேசம்மா.
அவள் இடுப்பில் எண் பத்தொன்பது,
நிறைய மோரோடு.
அது எப்போது வெளியே போனதென்று
எந்தப் பக்கத்திலும் இல்லை.

தேக்சா இருந்த இடத்தில்
வெளிறாத துணியாக ஒரு வட்டம்.
கல்லூரிப் பிள்ளைகள் அதைப் படம் எடுத்தார்கள்.
ஒரு பையன் அட்டையைப் படித்தான்,
வெறும் வட்டத்தைப் பார்த்தான்,
மூக்கை உறிஞ்சி
வாசல் பக்கம் திரும்பினான்.

சாயங்காலம் நாலு பேர் தூக்கி வந்தார்கள்.
அடியில் காந்தல். புறமெல்லாம் கரி.
பழைய கரி உதிராமலிருக்க
பிரஷால் ஒற்றி ஒற்றித் தூசி தட்டியவள் நான்.
எது புயல் வருடக் கரி, எது இன்றையது,
இனி யாராலும் சொல்ல முடியாது.

அட்டையைக் கழற்றி
'ஆக்கப்பட்டது' மேல் கோடு போட்டேன்.
வேறு சொல் இன்னும் எழுதவில்லை.
ஏனென்றால் டில்லிபாபு வந்து நிற்கிறார்,
பன்னிரண்டாம் தேதி மகளுக்குக் காது குத்தல்,
இருநூறு பேர்,
"கம்பி கட்டுன காத நானே பத்த வச்சித் தரேன்" என்கிறார்.
கேரம் போர்டையும் காணவில்லை.
வெளியே பந்தலில்
காய் விழும் சத்தம் கேட்கிறது,
வலை இல்லாத மூலையில் யாரோ
கையை ஏந்தி உட்கார்ந்திருக்க வேண்டும்.